நீ வந்துவிட்டாய் என்கிறார்கள்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் இருமல் வரவில்லை, சாப்பிடுகிறாய், நிமிர்ந்து நின்று பேசினாய் என்று அங்கே உன் வழக்கை நடத்தும் வக்கீலம்மா மொழிபெயர்ப்பவர் மூலமாகப் போனில் சொன்னார், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். முதலில், உறையின் மேல் வேறொரு பெண்ணின் பெயரைப் பார்த்துப் பதறாதே. தவறி எழுதியதல்ல. அங்கே உன் பெயரில் இப்போது யாருமே இல்லையாம். இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் உன்னைக் கூட்டி வருகிறார்கள். வக்கீலம்மா அப்படிக் கேட்டுத்தான் உன்னைப் பார்த்தார், அவர் கையில் கொடுத்தனுப்பும் கடிதத்துக்கும் அதே பெயர்தான் வேண்டும் என்றார். எனக்குக் கை வரவில்லை, அதனால் உறையை எழுதியது அம்மா. அந்தக் கோழிக் கிறுக்கலை நீ அடையாளம் கண்டிருப்பாய்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று அவரால் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை, நேரமும் கொடுக்கவில்லையாம். அதனால் இங்கே நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் நாங்கள் என்ன சொல்லியிருக்கிறோம் என்றும் உனக்குத் தெரிய வேண்டும். தங்கும் கூடத்துக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போடாதீர்கள் என்று நீ கேட்டதற்காக, நீ வேலை பார்த்த லாண்டரி கம்பெனிக்காரர்கள் உன்னை ஓடிப்போனவள் என்று எழுதிக்கொடுத்ததையும், வேலை அனுமதி போய் நீ பிடிபட்டதையும், உன்னைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு வழக்கும் அந்தத் தடுப்பு மையத்தைப் பற்றி ஒரு மனுவும் உன் பெயரில் போட்டிருப்பதையும் சொல்லியிருக்கிறேன். ஒரே குழாயில் அத்தனை பேருக்கும் தண்ணீர், வராத டாக்டர், அணைக்காத விளக்கு, இருமி இருமியே செத்துப்போன பெண், எல்லாம் நீ போனில் சொன்னபடியே. கடைசியாகப் பேசியபோது போதும்மா வந்துடு என்று நான் கெஞ்சினேன். நான் வந்துட்டா இந்த ரூமைப் பத்திச் சொல்ல ஆளே இல்லாமப் போயிடும்ப்பா என்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் உன் போன் வரவில்லை. அம்மா போனை மடியிலேயே வைத்துக்கொண்டு காய் நறுக்கினாள். பிறகு விமான நிலையத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, உங்க பொண்ணை அனுப்பிட்டாங்க, வந்து கூட்டிட்டுப் போங்க என்றார். வண்டி பிடித்து ஓடினோம். வருகிறவர்கள் எல்லோரும் வந்து முடிந்த பிறகு, ஓர் அதிகாரி முன்னால் நடக்க ஒரு பெண் வந்தாள். உன் உயரம். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கையில் உன் நீலப் பை, பிடி அறுந்து நீ கறுப்பு நூலால் தைத்த அதே பை. காலில் உன் செருப்பு. அம்மா கையை நீட்டிக்கொண்டு ஓடியவள் இரண்டடி இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டாள். நான் அந்த அதிகாரியிடம், இது எங்க பொண்ணு இல்லைங்க என்றேன். அவருக்குச் சிரிப்பு. பாதிப் பேர் இதையேதான் சொல்றீங்க சார், அங்க இருந்துட்டு வந்தா ஆள் மாறித்தான் தெரிவாங்க, ரெண்டு வேளை நல்லாச் சாப்பாடு போடுங்க, உங்க பொண்ணு ஆயிடுவாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் பாஸ்போர்ட் கம்பெனியிடமே இருக்கிறதல்லவா, அதனால் ஒற்றைத் தாளில் உன் பழைய படத்தை ஒட்டி அதை வைத்தே அனுப்பியிருக்கிறார்கள். ரேகை பார்க்கும் மெஷின் அன்றைக்கு வேலை செய்யவில்லையாம். நான் அவர் பின்னாலேயே போகப் பார்த்தேன். அதற்குள் அந்தப் பெண் சரிந்தாள், அம்மா பிடித்துக்கொண்டாள், உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா என்னைப் பார்த்து, யார் பெத்த பொண்ணோ, பை நம்ம வாலு பை, இவளை விட்டுட்டா அவளைப் பத்தி யாரைக் கேக்கறது, வண்டியைக் கூப்பிடுங்க என்றாள். கூட்டிவந்துவிட்டோம்.

இனிமேல் சொல்லப்போவதை எப்படிச் சொல்வதென்று யோசித்துப் பார்த்தேன், நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். மீட்டர் கணக்கெடுக்க இத்தனை வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். முதல் தடவை ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் எப்படி நுழைவார் என்று எனக்குத் தெரியும், கண் முதலில் சுவரைத் தேடும், கால் கொஞ்சம் பின்தங்கும். இந்தப் பெண் அப்படி வரவில்லை. கூடத்தைத் தாண்டி நேராகப் போனாள், சமையலறை நிலைப்படியில் தலையைக் குனிந்தாள். குனி என்று யாரும் சொல்லவில்லை. அந்த நிலை தாழ்வு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உன் அத்தையே இன்னும் மாதம் ஒருமுறை இடித்துக்கொள்கிறாள். பிறகு குளியலறைக்குப் போனாள், விளக்கைப் போடப் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டாள். அந்த சுவிட்ச் அங்கே இருப்பது வீட்டுக்காரருக்கே மறந்துபோன சங்கதி. பின்பக்கக் குழாயை வழக்கத்துக்கு மாறாக இடது பக்கம் திருகித் திறந்தாள். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, என்னங்க இது என்றாள். உன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி, நீ படுப்பது போலவே படுத்துக்கொண்டாள். காய்ச்சல் இறங்கிய பிறகும் பேசவில்லை. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்வாள். உன் பெயரைச் சொல்லி அவ எங்கே என்று கேட்டால் மட்டும் உன் பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொள்வாள்.

தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. முக்குக் கடைக்காரர், என்ன சார் பாப்பா வந்துடுச்சாமே, சொல்லவே இல்ல என்றார். வந்தது என் மகள் இல்லை என்றேன், பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டு சில்லறையை என் உள்ளங்கையில் மெதுவாக வைத்தார். மாடி வீட்டு டீச்சர் வந்து, வெட்கப்பட என்ன சார் இருக்கு, திருப்பி அனுப்பறது எல்லா இடத்துலயும் நடக்கறதுதான் என்று ஆறுதல் சொன்னார். நான் மறுக்க மறுக்க, மானத்துக்குப் பயந்து பெற்ற பெண்ணையே இல்லை என்கிறார் என்று பேச்சாகிவிட்டது. உன் அத்தை வந்தாளே, அதுதான் உச்சம். நேராகப் போய் அந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், அலமாரியிலிருந்து உன் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூக்கு அப்படியே நம்ம அம்மா மூக்குடா, இளைச்சுக் கறுத்துட்டா, அவ்வளவுதானே, சொந்த ரத்தத்தைப் போய் யாரோன்னு சொல்றியே, உனக்கு ரிடையர் ஆனதுலேர்ந்து புத்தி பிசகிடுச்சு என்றாள். அம்மா, பெத்தவளுக்குத் தெரியாதா அண்ணி என்று கேட்டதற்கு, நீ கண்ணாடி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சிரிப்பு வருகிறதா? எங்களுக்கு அன்றைக்கு வரவில்லை. அவள் போன பிறகு நாங்கள் இருவரும் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தோம்.

நீ வந்து சேர்ந்தாயா என்று விசாரிக்க வந்த கான்ஸ்டபிளும் அப்படித்தான். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், தெருவில் நாலு பேரைக் கேட்டார், நாலு பேரும் ஆமாம் என்றார்கள். திரும்பி வந்த ஆள் வீட்டில் இருக்கிறார் என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்த வாரமே வக்கீலம்மா கூப்பிட்டார். உன்னை விமானம் ஏற்றியாகிவிட்டது, ஆள் இல்லாமல் வழக்கு எதற்கு, மனு எதற்கு என்று அரசுத் தரப்பு கோர்ட்டில் சொல்லிவிட்டதாம். எங்கள் கான்ஸ்டபிள் எழுதியதையும் கூடவே காட்டினார்களாம். நான் அவரிடம், மகள் இங்கே வரவில்லை, வந்திருப்பது வேறு பெண் என்றேன். பிறகு மொழிபெயர்ப்பவர் தணிந்த குரலில், அப்போ உங்க பொண்ணு எங்கே சார் என்று கேட்டார். வாலு, அங்கேயும் இல்லை என்கிறார்கள், இங்கேயும் இல்லை. ஊர் உலகத்துக்கு நீ வீட்டில்தான் இருக்கிறாய், உன் கட்டிலில்தான் படுத்திருக்கிறாய். உடம்பில் அடையாளம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார் வக்கீலம்மா. உன் தோளில் இருக்கும் மச்சம் இடது தோளிலா வலது தோளிலா என்று அம்மாவுக்கும் எனக்கும் சண்டையே வந்துவிட்டது. நான் இடது என்கிறேன். அவள் வலது என்று அடித்துச் சொல்கிறாள். தூக்கி வளர்த்த இரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அன்று அம்மா அழுததைப் பார்த்துத்தான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அக்கா உயிரோடதான் இருக்காங்க, அங்கேயேதான் இருக்காங்க, என் கட்டில்ல இருக்காங்க என்றாள். அவளுடைய படுக்கைக்கு மேலே குழாய் ஒழுகியதாமே, இருமலோடு நனைந்து கிடந்தவளை நீ உன் இடத்தில் படுக்கவைத்துவிட்டு அவள் இடத்தில் நீ படுத்தாயாமே. அங்கே ஆளைப் பார்த்து எண்ணுவதில்லை, சுவரில் படுக்கைக்கு நேரே போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் எண்ணுவார்கள், எண்ணுக்குக் கீழே ஒரு உடம்பு இருந்தால் சரி, அப்படித்தானே? காலையில் வந்தவர்கள் உன் எண்ணுக்குக் கீழே கிடந்தவளை எழுப்பினார்கள், அந்தக் கட்டிலுக்கு அடியில் இருந்த பையையும் செருப்பையும் கொடுத்தார்கள். நீ அப்போது குழாயடியில் வரிசையில் நின்றாயாம். வண்டியில் ஏறும்போது புரிஞ்சுடுச்சும்மா, நான் அவ இல்லைன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல, வெளியில காத்து பட்டுச்சு, வாயைத் திறக்க முடியல என்றாள். அம்மா அவளைத் திட்டவில்லை, உன் பேர் என்னம்மா என்றுதான் கேட்டாள். அவள் சொன்ன அந்தப் பெயரை வைத்துத்தான் பிறகு வக்கீலம்மா உன்னைக் கண்டுபிடித்தார்.

நம் வீடு அவளுக்கு எப்படித் தெரியும் என்றும் அன்றைக்குத்தான் கேட்டோம். பகல் ராத்திரி தெரியாத அந்த அறையில், சாப்பாட்டுத் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன பிறகு, நீ எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி நம் வீட்டுக்குக் கூட்டிவருவாயாமே. கதவைத் திறங்க, செருப்பை விடுங்க, இப்போ தலையைக் குனிங்க என்று ஒவ்வொரு அறையாக நடத்துவாயாம். ஒவ்வொருத்தியும் இங்கே ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறாளாம். ஒருத்திக்கு ஜன்னலோர நாற்காலி. ஒருத்தி மாடிப்படி. ஒருத்தி எதுவும் வேண்டாம் என்று குளியலறையைக் கேட்டாளாம், உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குதானே, இருக்குதானே என்று தினமும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போவாளாம். இருமிச் செத்துப்போன அந்தப் பெண் கேட்டது அம்மாவின் கட்டிலை, விசிறிக்குக் கீழே சுவரோரம். இதைக் கேட்டதிலிருந்து அம்மா அந்தக் கட்டிலில் வெளிப்பக்க ஓரமாகத்தான் படுக்கிறாள். முட்டி வலி, இறங்க வசதி என்கிறாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் ஒரு மாதிரி ஆகிறது, எப்படிச் சொல்வது, கூட்டம் ஏறிய பஸ்ஸில் இருப்பதுபோல நானே கையைக் காலைச் சுருக்கிக்கொண்டு உட்காருகிறேன். ஜன்னலோர நாற்காலியில் நான் இப்போது உட்காருவதில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தது, புதிதாக ஆணி அடித்துச் சரிசெய்துவிட்டேன். இதை அவர்களிடம் சொல்.

வழக்குக்கு வருகிறேன். நீதான் வாலு என்று நீ சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லையாம், உன் ரேகையை எடுத்துப் பார்க்கவும் மறுக்கிறார்களாம். இந்தப் பெண் இங்கிருந்தே கோர்ட்டின் வீடியோ திரையில் தோன்றி நான் அவள் இல்லை என்று சொல்லி, அங்கே அவளைப் பிடித்தபோது எடுத்த ரேகையோடு இவள் ரேகையை ஒப்பிட்டால், நீ போகவில்லை என்பது ருசுவாகிவிடும், வழக்குக்கும் மனுவுக்கும் மறுபடி உயிர் வரும் என்றார் வக்கீலம்மா. இவள் மாட்டேன் என்றாள். வேற பேர்ல ஏறி வந்ததுக்கு என்னைப் பிடிச்சு உள்ள போட்டா? மறுபடியும் பூட்டு, மறுபடியும் அந்த லைட்டு, என்னால முடியாதுப்பா என்றாள். போய்ச் சேர வீடும் இல்லை, புருஷன் வீட்டில் அந்த இடத்தில் வேறொருத்தியைக் கொண்டுவந்துவிட்டார்களாம். ஒரு நாள் அம்மாவிடம், நான் இங்கேயே இருந்துடட்டுமா என்று கேட்டாள். அம்மா அப்போது தையல் மெஷினில் அவள் அளவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள், தைப்பதை நிறுத்தவும் இல்லை. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி வரும் சாட்சி கோர்ட்டில் நிற்காது என்று இங்கிருக்கும் வக்கீலும் சொன்னார். நாட்கள் போயின. உன் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு அவள் துணி அலசும்போது பின்னாலிருந்து பார்த்து இரண்டு தடவை உன்னைக் கூப்பிட வாயெடுத்திருக்கிறேன். சிரிப்பும் உன் சிரிப்பாக ஆகிக்கொண்டு வந்தது, முடிக்கும்போது மூக்கை உறிஞ்சுவாயே, அது உட்பட. நீ அங்கே சிரித்துச் சிரித்து அவளுக்குத் தொற்றிவிட்டதோ என்னவோ. அம்மா அதைக் கேட்டால் அடுப்பைத் தணிப்பாள், இன்னும் கொஞ்சம் கேட்பதற்காக.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அம்மா தட்டைப் போட்டுவிட்டு, கவனமில்லாமல், வாலு, ஆறிப்போகுது வா என்று கூப்பிட்டாள். பின்பக்கத்திலிருந்து, இதோ வரேம்மா என்று குரல் வந்தது. உன் குரல். கரண்டி அம்மா கையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள், தானும் வெளுத்துப்போனாள். உட்காரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாள், அப்பா, இத்தனை நாள் இந்தப் பேரைக் கேட்டா எனக்குத் திக்குனு இருக்கும், இன்னிக்கு இல்ல, என்னைத்தான் கூப்பிடறாங்கன்னு வந்துட்டேன், இன்னும் நாலு நாள் போனா என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன், அதுக்கு முன்னாடி அந்த வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போயிடுங்க. சாப்பிட்டுட்டுப் போகலாம் என்றாள் அம்மா. வேண்டாம்மா, சாப்பிட்டா மனசு மாறிடும் என்றாள். அப்படியே கிளம்பினோம். வாக்குமூலம் கொடுத்தாள், பத்து விரலும் வைத்தாள். அவள் மேல் இங்கே வழக்கு வந்தால் தான் நடத்துவதாக வக்கீல் சொல்லியிருக்கிறார், வராது என்று சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் முக்குக் கடைக்காரரிடம் நின்று தன் பெயரைச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, சரி பாப்பா, நீ எந்தப் பேரைச் சொன்னாலும் எனக்கு நீ பாப்பாதான் என்றார்.

அடுத்த வாரம் விசாரணை. அதுவரை அந்த அறையிலிருந்து யாரையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருக்கிறார். உத்தரவு கதவுப் பூட்டு வரைக்கும் வந்து சேர்ந்ததா என்று தெரியாது என்கிறார் வக்கீலம்மா, அதனால் கொஞ்சம் விழிப்பாக இரு. இப்போது உன் தலைக்கு மேலேதான் குழாய் ஒழுகுகிறது, ஈரத்தில் படுக்காதே, பாயைச் சுருட்டி வைத்து உட்கார்ந்தாவது தூங்கு. யாருக்கு எவ்வளவு முடியாமல் போனாலும் அந்த வாரம் வரை இடம் மாற்றிக்கொள்ளாதே, உன் மனசு எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். உன்னை வந்துவிடு என்று இந்தக் கடிதத்தில் நான் கூப்பிடவில்லை, கவனித்தாயா? அம்மாவும் கூப்பிடச் சொல்லவில்லை. நீ அங்கே இருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, உன் பெயரில் வா. எந்தத் தோளில் மச்சம் என்று வக்கீலம்மாவிடம் சொல்லி அனுப்பு, இங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. உன் உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும், பேச வேண்டிய நேரத்தில் உன் குரல் அடைக்காமல் இருக்கட்டும், உன்னோடு அந்த அறையில் இருக்கும் எல்லாப் பெண்களும் நல்லபடியாக வெளியே வரட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. திரையில் நீ எங்களைப் பார்க்கும்போது அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருப்பாள், பயப்படாதே. நீதிபதி முதலில் அவளைத்தான் கேட்பார். அவள் தன் பெயரைச் சொல்லும்போது, இத்தனை நாளாக அந்தப் பெயரால் உன்னைக் கூப்பிட்ட காவல்காரி உன் பக்கம் திரும்புவாள். உன் தலையும் தானாக நிமிரப் பார்க்கும். நிமிராதே. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திரு. உன் பெயர் வரும்வரை அசையாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(அம்மா பக்கத்தில் இருக்கிறாள், வலது தோள்தான் என்று எழுதச் சொல்கிறாள்)